காசும் கேஷும்

சொற்களும் மக்களைப் போலவே கடல் கடந்து செல்வன. சென்ற நாட்டில் உருவும் பொருளும் மாறி வாழ்வன. ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் ‘கேஷ்’ என்னும் சொல் ரொக்கப் பணத்தைக் குறிக்கும். ஒலியும் பொருளும் ஒத்திருத்தலால், அது நம் ‘காசு’ என்பதன் திரிபே என்பார் பலர். அக்கூற்றை ஈண்டு ஆராய்வோம்.

பெட்டியைக் குறிக்கும் ‘காப்சா’ என்னும் இலத்தீன் சொல், இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ எனத் திரிந்து, வணிகரின் பணப்பெட்டிக்குப் பெயராயிற்று. அச்சொல்லின் வழிவந்த ‘கேஷ்’, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. பெட்டியையும் அதனுள் உள்ள பணத்தையும் உணர்த்திய அது, நாளடைவில் பணத்தையே குறிப்பதாயிற்று. ‘ஊர் திரண்டது’ என்னுமிடத்து ஊர் என்பது மக்களைக் குறித்தல் போல, இதுவும் இடவாகுபெயரின் பாற்படும்.

காரைக்குடியை அடுத்த அரியக்குடி முதலிய செட்டிநாட்டு ஊரினர்க்கு இஃது எளிதில் விளங்கும். பருமா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தாரின் கடைகளில் பெட்டியே நடுநாயகமாக விளங்கிற்று. அங்குத் தொழில் பயின்ற இளைஞனுக்குப் ‘பெட்டியடிப் பையன்’ என்றே பெயர். அவர்கள் பணம் செலுத்த எழுதிக்கொடுத்த முறிக்கு உண்டியல் என்று பெயர். அரியக்குடித் திருவேங்கடமுடையான் கோயிலிலோ, உண்டியல் என்பது காணிக்கைப் பெட்டி. பணத்திற்கும் பெட்டிக்கும் உள்ள உறவு நம் மொழியிலும் இவ்வாறு காணப்படுகிறது.

ஆயின், காசு ஆங்கிலத்தில் இடம்பெறவே இல்லையோ எனின், பெற்றது. ‘கேஷ்’ என்றே எழுதப்படும் வேறொரு சொல் அம்மொழியில் உண்டு. சிறு செப்பு நாணயத்தைக் குறிக்கும் அது, நம் காசே. போர்ச்சுகீசியர் வாய்ப்பட்டு ஆங்கிலத்தை அடைந்தது. சென்னையில் 80 காசு ஒரு பணமாகவும், 42 பணம் ஒரு வராகனாகவும் கொள்ளப்பட்டன. 1818ஆம் ஆண்டில் ரூபாய் முதன்மை பெறும்வரை இம்முறை நிலவிற்று. கிழக்கிந்தியக் கும்பெனியார் 1808ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அச்சிடுவித்த செப்பு நாணயங்களில் இச்சொல் பொறிக்கப்பட்டிருத்தலை இன்றும் காணலாம். நடுவே சதுரத் துளையுடைய சீன நாணயத்தையும் ஆங்கிலேயர் இப்பெயராலேயே வழங்கினர்.

எனவே, எழுத்தால் ஒன்றாயினும் இவை பிறப்பால் இரண்டு சொற்கள். ஒன்று பெட்டியிற் பிறந்தது; மற்றொன்று தமிழிற் பிறந்தது. ஓசை ஒப்புமை ஒன்றே கொண்டு உறவு கூறுதல் சொல்லாராய்ச்சி ஆகாது. சொல் வந்த வழியையும் காலத்தையும் ஆராய்தல் வேண்டும்.

மாணவர்களே! மொழிப்பற்று நமக்கு வேண்டுவதே. ஆயினும், அயலார் பெட்டியை நமதென்னாது, நம் காசை நமதென்று சான்றுடன் காட்டுவதே தமிழுக்குப் பெருமை தருவதாகும்.