காசு கட்டுமுன் ஒரு கோல் எடுங்கள்

கடந்த வருடம் ஒருநாள் காலை, மொனராகலையிலுள்ள எங்கள் கடைக்குச் சாமான் அனுப்பும் புறக்கோட்டை மொத்த வியாபாரியிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. "நாநா, எங்கட கணக்கில ஒரு பிரச்சினை. நேத்தைய லோட் காசை இந்தக் கணக்குக்குப் போட்டு விடுங்க, அவசரம்."

இலக்கம் அவருடையது. படமும் அவருடையது. இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாவைக் கட்டுவதற்குக் கடைப் பையனை வங்கிக்கு அனுப்பத் தயாரானேன். ஆனால் கணக்கின் பெயர் எனக்குத் தெரியாத பெயராக இருந்தது. எதற்கும் கேட்போமென்று அவருக்குச் சாதாரண கோல் எடுத்தேன்.

"போட்டுராதீங்க நாநா! விடியத்திலிருந்து வட்ஸ்அப் என் கையில இல்ல" என்றார். அதற்குள் வேறு இரண்டு கடைக்காரர்கள் பணம் கட்டிவிட்டார்கள்.

நடந்தது இதுதான். முந்திய இரவு, அவருக்குத் தெரிந்த ஒருவரின் இலக்கத்திலிருந்து, "உங்களுக்குத் தவறுதலாக ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும், அனுப்பி விடுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். அவரும் அனுப்பிவிட்டார். வட்ஸ்அப் கணக்கை வேறொரு தொலைபேசியில் திறக்கும் சாவியே அந்த எண்தான்.

லோட் வந்த விடயம் திருடனுக்கு எப்படித் தெரியும்? நானேதான் சொல்லியிருந்தேன். லொறியிலிருந்து மூட்டை இறங்கும் படத்தை முகநூலில் போட்டு, அவருடைய கடைப் பெயரையும் எழுதியிருந்தேன். அதன் கீழே அவர் "நன்றி நாநா" என்று எழுதியிருந்தார்.

இதனை ஆங்கிலத்தில் 'பிஷிங்' என்கிறார்கள். தூண்டில் போடுவது என்று சொல்லலாம். நாம் வெளியே போட்ட உண்மைத் தகவல்தான் அதில் இரை.

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று எண்ண வேண்டாம். 2015இல் பங்களாதேஷ் மத்திய வங்கி ஊழியர்களுக்கு வேலை விண்ணப்பம் போன்ற மின்னஞ்சல்கள் வந்தன. அந்த வழியாக உள்ளே நுழைந்தவர்கள், 2016 பெப்ரவரியில் 8 கோடி 10 இலட்சம் டொலரைப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினார்கள். இலங்கைக்கு அனுப்பிய 2 கோடி டொலர் மட்டும் தப்பியது. பெறுபவரின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற சொல் 'ஃபண்டேஷன்' என்று பிழையாக இருந்ததால், இடையிலிருந்த வங்கி விளக்கம் கேட்டது. அந்த ஒரு கேள்விதான் பணத்தைக் காப்பாற்றியது.

நம் நாட்டில் தபால் திணைக்களத்தின் பெயராலும் இப்படிக் குறுந்தகவல்கள் வந்து, 2024இல் திணைக்களம் மக்களை எச்சரித்தது. "உங்கள் பார்சல் நிற்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்பார்கள். சிறு தொகைதானே என்று வங்கி அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் கணக்கே காலியாகும்.

ஆகவே வியாபாரிகள் நாம் கவனிக்க வேண்டியவை:

1. தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. வங்கி என்று சொன்னாலும் சரியே.

2. கணக்கு மாறியது என்று தகவல் வந்தால், முன்பே நம்மிடமுள்ள இலக்கத்துக்குப் பேசிக் குரலைக் கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

3. வட்ஸ்அப் அமைப்பில் 'இரண்டு படிச் சரிபார்ப்பு' இருக்கிறது. அதற்கு ஒரு இரகசிய இலக்கம் போட்டு வையுங்கள்.

4. பில், வங்கிச் சிட்டை, அடையாள அட்டை ஆகியவற்றின் படங்களை முகநூலில் போடாதீர்கள்.

5. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்கும் பொலிஸுக்கும் அறிவியுங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101இல் அழைக்கலாம்.

கடன் கொப்பியிலுள்ள பெயர்கள், தொலைபேசி இலக்கங்கள், தவணைக்குச் சாமான் வாங்கியோர் தந்த அடையாள அட்டைப் பிரதிகள் யாவும் நம்மிடமுள்ள அமானிதம். காசுப் பெட்டியைப் பூட்டுகின்ற நாம் அவற்றையும் பூட்டி வைக்க வேண்டும். நான் அந்த லொறிப் படத்தை அன்றே அழித்துவிட்டேன். பணம் கட்டிய அந்த இருவருக்கும் அது இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை.