முதலில் தெரிந்தவர் நீங்களாக இருங்கள்

ரிசர்வ் வங்கி புது சர்க்குலர் போடுகிறது. மேனேஜர் சொல்லித் தெரிந்துகொள்பவர் ஒருவர். மேனேஜரிடம் போய்ச் சொல்பவர் இன்னொருவர். அப்ரைசல் நேரத்தில் யார் பெயர் முதலில் ஞாபகத்துக்கு வரும் என்று விளக்கத் தேவையில்லை. இரண்டாமவர் ராப்பகலாகப் படிக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவர் வலையைச் சரியான இடத்தில் விரித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் துறையின் நல்ல பிளாக் போஸ்ட்களும் அறிவிப்புகளும் தானாக வந்து சேரவும், அவற்றில் தேறியவை உங்கள் பெயரில் வெளியே போகவும் ஆட்டோமேஷன் டூல்கள் இருக்கின்றன. கோடிங் தெரிய வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். ஒரு விதியை மட்டும் மனதில் வையுங்கள்: சேகரிப்பதை முழுசாக மெஷினிடம் விடலாம், ஷேர் செய்வதில் பாதியைத்தான் விடலாம்.

1. ஃபீடைப் பிடியுங்கள்

எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஒரு தளத்தில் புதிதாக வருவதை உங்களிடம் கொண்டுவரும் ஆர்எஸ்எஸ் ஃபீட். 1999-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்த பழைய சரக்கு. இன்றும் இதற்கு மாற்று இல்லை. எதை உங்களுக்குக் காட்டலாம் என்று எந்த அல்காரிதமும் இங்கே முடிவு செய்யாது. போஸ்ட் வந்தால் உங்களுக்கும் வரும்.

வேர்ட்பிரஸ், சப்ஸ்டாக் தளங்களில் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் ‘ஃபீட்’ என்று சேர்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அது பிடிபடவில்லையா? ஃபீட்லி, இனோரீடர் போன்ற ஃபீட் ரீடரில் தளத்தின் முகவரியைப் போடுங்கள். அதுவே தேடி எடுக்கும். பேங்கிங், ஃபைனான்ஸ் ஆட்களுக்கு ரிசர்வ் வங்கியும் செபியும் ஃபீட் தருகின்றன. அரசுச் செய்திகளுக்கு மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் (பிஐபி). ஐடி ஆட்கள் க்ளவுட்ஃப்ளேர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற நிறுவனங்களின் இன்ஜினியரிங் பிளாக்குகளைச் சேர்க்கலாம்.

வேலை தேடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. நீங்கள் குறிவைத்திருக்கும் நிறுவனத்தின் பெயரில் கூகுள் அலர்ட் போடுங்கள். அது மெயிலாக மட்டுமல்ல, ஃபீடாகவும் வரும். இன்டர்வியூவில் “எங்களைப் பற்றி என்ன தெரியும்?” என்று கேட்கும்போது மற்றவர்கள் வெப்சைட்டில் ‘அபவுட் அஸ்’ பக்கத்தை ஒப்பிப்பார்கள். நீங்கள் போன வாரச் செய்தியைச் சொல்லலாம்.

2. ஒரே ஷீட்டில் கொட்டுங்கள்

பலரும் ‘இஃப்ட்’ என்று சொல்லும் ஐஎஃப்டிடிடி தளத்தில் அக்கவுன்ட் திறங்கள். ‘இது நடந்தால் அதைச் செய்’ என்ற விதியைத்தான் அங்கே ஆப்லெட் என்கிறார்கள். புது ஆப்லெட்டில் முதல் பாதிக்கு ஆர்எஸ்எஸ் சேவையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே இரண்டு வழிகள்: எல்லாப் போஸ்ட்டையும் எடுப்பது, குறிப்பிட்ட சொல் வந்தால் மட்டும் எடுப்பது. ரிசர்வ் வங்கியின் ஃபீடைக் கொடுத்து, தேடும் சொல்லாக ‘கேஒய்சி’ என்பதை ஆங்கிலத்தில் போட்டால் மற்றதெல்லாம் வடிகட்டப்பட்டுவிடும்.

இரண்டாவது பாதிக்கு கூகுள் ஷீட்ஸில் ‘வரிசை சேர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். தேதி, தலைப்பு, லிங்க் மூன்றுக்கும் நடுவில் மூன்று மூன்று செங்குத்துக் கோடுகள் இருக்கும். அவைதான் ஒரு கட்டத்தை அடுத்ததிலிருந்து பிரிக்கின்றன. தெரியாமல் அழித்துவிட்டால் எல்லாம் ஒரே கட்டத்தில் வந்து குவியும். ஷீட் 2,000 வரிசையைத் தொட்டதும் இஃப்ட் தானாகப் புது ஷீட் தொடங்கும். பழையது காணாமல் போய்விட்டதென்று பதற வேண்டாம்.

நான்காவது நெடுவரிசையை நீங்களே நிரப்புங்கள். தலைப்பு: “இதனால் நமக்கு என்ன?” இந்த நெடுவரிசை காலியாக இருக்கும்வரை உங்களிடம் இருப்பது வெறும் லிங்க் குவியல்.

இவ்வளவுகூட வேண்டாம் என்றால் கூகுள் ஷீட்ஸிலேயே ‘இம்போர்ட்ஃபீட்’ என்ற ஃபார்முலா இருக்கிறது. ஃபீட் முகவரியைக் கொடுத்தால் கட்டங்கள் நிரம்பும். ஒரு குறை: ஃபீடில் இப்போது இருப்பதை மட்டும்தான் காட்டும். வேர்ட்பிரஸ் ஃபீடில் வழக்கமாகக் கடைசி 10 போஸ்ட்கள்தான் இருக்கும். பழையதைச் சேமிக்க ஆப்லெட்தான் வழி.

3. இலவசத்தின் கணக்கைப் போடுங்கள்

இஃப்ட் போலவே வேலை செய்யும் ஸேப்பியரின் இலவசத் திட்டம் மாதத்துக்கு 100 டாஸ்க் தருகிறது. வெற்றிகரமாக முடியும் ஒவ்வொரு செயலும் ஒரு டாஸ்க். தினமும் 5 போஸ்ட்டை ஷீட்டில் சேர்த்தால் 20-ஆம் தேதியோடு தீர்ந்தது. இஃப்டின் இலவசத் திட்டத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆப்லெட்கள்தான். அதனால் பணம் கட்டுவதற்கு முன் வடிகட்டுங்கள். முக்கியமான ஃபீடுக்கு மட்டும் ஆப்லெட் செலவழியுங்கள். மற்றவை ஃபீட்லியிலேயே இருக்கட்டும். ஒரு மாதமாக உருப்படியாக ஒன்றும் தராத ஃபீடை இரக்கமில்லாமல் வெட்டுங்கள்.

4. திங்கள்கிழமை மெயில் உங்களுடையது

தினமும் காலையில் 15 நிமிடம் ஷீட்டைப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து தேறினால் போதும். திங்கள் காலை டீமுக்கு ஒரு மெயில்: ஐந்து லிங்க், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அந்த வரி போஸ்ட்டின் சுருக்கமாக இருக்கக் கூடாது. டீமின் வேலையை அது எங்கே தொடுகிறது என்று சொல்ல வேண்டும். மேனேஜருக்கு அது பயன்பட ஆரம்பித்தால் அவரே அதை மேலிடத்துக்கு ஃபார்வர்ட் செய்வார், உங்கள் பெயரோடு.

ஷீட்டை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டியதில்லை. விளைவைத் தாராளமாகக் கொடுங்கள். அதைத் தயாரிக்கும் இடம் உங்கள் கையில் இருக்கட்டும்.

5. ஷேர் செய்வதில் பாதி மட்டும்

லிங்க்ட்இனில் போஸ்ட்டை நேரம் குறித்து வைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. பல தளங்களுக்குச் சேர்த்து அனுப்ப பஃபர் உதவும். நேரம் பார்ப்பதும் அனுப்புவதும் மெஷினின் வேலை. வரி எழுதுவது உங்கள் வேலை.

“அருமையான கட்டுரை, அவசியம் படியுங்கள்” என்று போடுபவர் படித்தாரா என்பதே சந்தேகம். “கேஒய்சி விதி மாறியிருக்கிறது. பழைய கஸ்டமர்களிடமும் மறுபடி டாக்குமென்ட் வாங்க வேண்டுமா என்பதுதான் பிராஞ்ச்களின் தலைவலி, மூன்றாவது பத்தியில் பதில் இருக்கிறது” என்று போடுபவரை ரெக்ரூட்டர் கவனிப்பார். லிங்க் ஒன்றுதான். வித்தியாசம் அந்த இரண்டு வரியில்.

ஃபீடில் வருவதை அப்படியே உங்கள் பெயரில் போஸ்ட் ஆகும்படி விடாதீர்கள். நாளைக்கே உங்கள் நிறுவனத்தைத் திட்டி ஒருவர் எழுதலாம். அதுவும் உங்கள் பெயரில் போகும். இன்னொன்று: அ தளத்திலிருந்து ஆ தளத்துக்கும், ஆ-விலிருந்து அ-வுக்கும் ஆப்லெட் போட்டுவிட்டால் ஒரே போஸ்ட் சுற்றிச் சுற்றி வந்து டைம்லைனை நிரப்பும். எது எங்கே போகிறது என்று முதலில் ஒரு பேப்பரில் அம்புக்குறி போட்டுப் பாருங்கள்.

6. இந்தக் கோடுகளைத் தாண்டாதீர்கள்

அடுத்தவர் போஸ்ட்டை முழுசாக இழுத்து உங்கள் தளத்தில் போடுவது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தோடு மோதும் வேலை. தலைப்பு, லிங்க், உங்கள் கருத்து மூன்றும் போதும். நீங்களே பிளாக் எழுதுபவர் என்றால் வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ஃபீடுக்கு முழுப் பதிவுக்குப் பதிலாகச் சுருக்கம் மட்டும் போகும்படி மாற்றுங்கள். ஃபீட் வழியாகத் திருடுபவருக்கு அதற்குமேல் கிடைக்காது.

லிங்க்ட்இனில் தானாக லைக், கமென்ட் போடும் எக்ஸ்டென்ஷன்களைத் தொடாதீர்கள். அதன் விதிமுறைகள் பாட்களையும் ஸ்க்ரேப்பிங்கையும் தடை செய்கின்றன. பல வருடமாகச் சேர்த்த நெட்வொர்க் ஒரே நாளில் முடங்கலாம்.

ஆபீஸ் ஜிமெயிலை இஃப்டிலோ ஸேப்பியரிலோ ஐடி டீமைக் கேட்காமல் இணைப்பது வேலைக்கே உலை வைக்கும். இதற்கென்று தனி ஜிமெயில் திறங்கள்.

7. எந்தக் கடையும் மூடும்

ஃபீட் படிக்கப் பயன்பட்ட கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. ஃபீட்களை வடிகட்டிச் சேர்க்க உதவிய யாஹூ பைப்ஸ் 2015-ல் நின்றது. படிக்கச் சேமித்து வைக்கும் பாக்கெட், 2025 ஜூலையில் கதவைச் சாத்தியது. 2023-ல் ட்விட்டர் தன் ஏபிஐ-க்குக் கட்டணம் விதித்ததும் இலவசமாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ செட்டப்கள் அப்படியே நின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபீட் பட்டியலை ஓபிஎம்எல் ஃபைலாக டவுன்லோட் செய்து வையுங்கள். ரீடர் மாறினாலும் ஐந்து நிமிடத்தில் அத்தனையும் திரும்ப வந்துவிடும்.

8. ரெஸ்யூமேயில் ஏற்றுங்கள்

“ஆட்டோமேஷன் டூல்கள் தெரியும்” என்ற வரியை யாரும் மதிப்பதில்லை. “செபி, ரிசர்வ் வங்கி அறிவிப்புகளைத் தானாகச் சேகரித்து டீமுக்கு வாராந்தரச் சுருக்கம் அனுப்பும் அமைப்பை உருவாக்கி நடத்துகிறேன்” என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் கேட்டால் ஃபோனில் ஷீட்டைத் திறந்து காட்டுங்கள். அந்த நான்காவது நெடுவரிசைதான் உங்கள் மூளைக்குச் சாட்சி.

இன்றைக்கே மூன்று ஃபீட், ஒரு ஆப்லெட், ஒரு ஷீட். முதல் மெயில் அடுத்த திங்கள்கிழமை போகட்டும். தள்ளிப் போட்டால் ஒரு சிக்கல் இருக்கிறது: பக்கத்து சீட்டுக்காரரும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.