வெளுத்த வெள்ளைக்குள் முகம் ஒளிந்திருக்கவில்லை

"எவ்வளவு வெளுத்திருந்தாலும் படத்துக்குள்ள எல்லாம் இருக்கும் சார், சாஃப்ட்வேர்ல இழுத்தா வந்துடும்." பொன்முடி மலைக்குப் போய்வந்து குடும்பப் படத்தை நீட்டுகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,100 மீட்டர் உயரம். மூடுபனி கண்ணெதிரே வரும், போகும். பனி விலகி வெயில் சட்டென்று விழுந்த அந்த நொடியில் யாரோ படம் எடுத்திருப்பார்கள். பாட்டியின் நெற்றி, வெள்ளைப் புடவை, பின்னாலிருந்த மலை எல்லாம் ஒரே வெள்ளை. அதை 'இழுத்து'க் கொடுக்க வேண்டுமாம்.

வராது. எத்தனை முறை கேட்டாலும் பதில் இதுதான். படம் திருத்துவதே என் தொழில். இருப்பதைத்தான் திருத்த முடியும்.

சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றுமே 255 ஆகிவிட்டால் அது வெறும் வெள்ளை. அங்கே சுருக்கமும் இல்லை, பொட்டும் இல்லை. படி நிரம்பி வழிந்த பால் எவ்வளவு என்று படியைப் பார்த்துச் சொல்ல முடியுமா? கேமராவின் சென்சாரும் அப்படித்தான், நிரம்பிய பிறகு விழுந்த ஒளிக்குக் கணக்கு வைப்பதில்லை.

நம்பாதவர்கள் ஜிம்ப்பிலோ ஃபோட்டோஷாப்பிலோ தாங்களே செய்து பார்க்கலாம். படத்தின் மேல் அதே படத்தை இன்னொரு லேயராக வைத்து 'மல்டிப்ளை' கொடுங்கள். வெளிச்சம் ஓவராகிப்போன படத்துக்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் இது. உள்ளே நடப்பது சின்னப் பெருக்கல்தான்: எண்ணை அதே எண்ணால் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. 220 இருந்த இடம் 190 ஆகும், 240 இருந்த இடம் 226 ஆகும். அதனால்தான் கன்னம் தேறிவிடுகிறது. 255-ஐ 255-ஆல் பெருக்கி 255-ஆல் வகுத்தால்? அதே 255. பத்து லேயர் போட்டாலும் நெற்றி அசையாது.

இந்த வதந்தி சாகாமல் இருப்பதற்குக் காரணம் அந்தக் கன்னம்தான். நம் மாநிறத் தோலில் முதலில் நிரம்புவது சிவப்பு. கர்சரைக் கன்னத்தில் வைத்தால் 255, 214, 171 என்று காட்டும். சிவப்பு போய்விட்டது, மற்ற இரண்டும் பிழைத்திருக்கின்றன. அவற்றை வைத்து ஓரளவு மேடுபள்ளத்தைக் கொண்டுவரலாம், நிறம் சற்று மஞ்சளடிக்கும், அதையும் சரிசெய்யலாம். இப்படிப் பிழைத்த ஒரு கன்னத்தைப் பார்த்தவர்தான் ஊரெல்லாம் "எல்லாம் வரும்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

"அப்போ ஏஐ-ல போடுங்க" என்பார்கள் உடனே. இதுதான் எனக்குக் கோபமூட்டுகிறது. ஏஐ அந்த இடத்தை மீட்பதில்லை, புதிதாக வரைகிறது. 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான 'பல்ஸ்' என்ற கருவிக்கு ஒபாமாவின் மங்கிய படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளைக்காரர் முகத்தைத் தெளிவாகத் தீட்டிக் கொடுத்தது. உலகமறிந்த முகத்துக்கே அந்தக் கதி என்றால், உங்கள் பாட்டி நெற்றியின் தழும்பு அதற்கு எங்கிருந்து தெரியும்? பளபளவென்று யாரோ ஒருவரின் நெற்றியை ஒட்டிவைக்கும். பேரப்பிள்ளைகள் அதைப் பாட்டி என்றே நினைத்து வளர்வார்கள்.

வரைவதே குற்றம் என்று சொல்லவில்லை. 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த லினேயஸ் ட்ரைப்புக்கும் இதே தொல்லை இருந்தது. அந்தக் கால நெகட்டிவ்கள் நீல ஒளிக்குத்தான் அதிகம் கூசின. கோபுரம் சரியாக வந்தால் வானம் வெளுத்துவிடும். அவர் நெகட்டிவிலேயே மேகங்களைத் தீட்டினார். அதே காலத்தில் பிரான்சில் குஸ்தாவ் லு க்ரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இணைத்தார். பொன்முடி வானத்துக்கும் நான் இதைச் செய்துகொடுப்பேன், தயக்கமில்லை. மேகம் மாறினால் யாருக்கும் நட்டமில்லை. முகம் அப்படியா?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். மூடுபனிதான் படத்தை வெளுக்கவைக்கிறது என்பது தவறு. நிறைய வெள்ளையைக் கண்டால் கேமரா படத்தை இருட்டாக்கவே பார்க்கும். செல்போன் திரையில் நிழலிலிருக்கும் முகத்தை விரலால் தொட்டதும்தான் சுற்றிலும் வெளுத்துப்போகிறது. தொட்ட பிறகு திரையில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். இருட்டான இடத்தைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். 'பிரைட்னஸைக் குறைத்தால் போதும்' என்பதும் தவறு, வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாகும், அவ்வளவே. 'ரா'வில் எடுத்தால் கவலையே இல்லையா? ஜேபெக்கை விட இடம் கூடுதல்தான், ஆனால் அதுவும் நிரம்பினால் நிரம்பியதுதான். வாட்ஸப்பில் படமாக அனுப்பியதை வைத்துத் திருத்தச் சொல்லாதீர்கள், அது சுருக்கியே அனுப்பும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. பழைய ஆல்பத்தில் ஃப்ளாஷ் பட்டு முகம் வெளுத்த பிரிண்ட் இருந்தால் நெகட்டிவைத் தேடுங்கள். பிரிண்டில் காணாமல்போன நெற்றி நெகட்டிவில் பெரும்பாலும் இருக்கும், கலர் ஃபிலிம் அவ்வளவு ஓவரைத் தாங்கும். வீடு மாறும்போது நெகட்டிவ் உறையைக் குப்பையில் போடுகிறவர்களை என்னவென்று சொல்வது! செல்போனிலும் இதே அவசரம். நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழிக்கிறோம். அன்று எடுத்த அத்தனையையும் கொண்டுவாருங்கள், கண் மூடியதையும் ஆடிப்போனதையும் சேர்த்து. வெயில் விழுவதற்கு முன் எடுத்த ஒன்றில் பாட்டியின் நெற்றி தழும்போடு இருக்கக்கூடும். அதை எடுத்து இதில் பொருத்தலாம். பொருத்தியபின் பிரிண்டின் பின்னால் பென்சிலில் எழுதிவையுங்கள்: நெற்றி அதே நாள் எடுத்த வேறு படத்திலிருந்து.