குருதிப் பெருக்கை நிறுத்தல்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் காயங்கட்டும் துணி நெய்யப்பட்டுப் பல மருத்துவமனைகளுக்குச் செல்லுகின்றது. அதனை வைத்து அழுத்தவோ நம்மவருட் பலர் அறியார். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலையில் அடிபட்டார் ஒருவரது புண்ணில் அப்பக் காப்பித்தூள் தேடியோரை யாம் கண்டதுண்டு. அது தீங்கே பயக்கும்.

செங்குருதி துடித்துத் துடித்துப் பீறிடின் தமனி அறுந்ததென்று அறிக. தூய துணியைப் புண்மீது வைத்து இரு கைகளாலும் விடாது அழுத்துக. நின்றதோவென எடுத்துப் பார்ப்பின், உறையத் தொடங்கிய குருதி மீண்டும் பெருகும். துணி நனைந்தால் அதன்மேலேயே மற்றொன்றை வைக்க. கைகால்களில் அவ்வாறும் நில்லாவிடின், புண்ணுக்கு மேலாக அகன்ற பட்டையால் குருதி நிற்குமளவும் இறுகக் கட்டி, நேரத்தைக் குறித்திடல் வேண்டும்.

வெளியே காணாவிடினும், முகம் வெளுத்து மேனி குளிர்ந்து வேர்க்குமாயின் உள்ளே ஒழுகுவதாக ஐயுறுக. அழுத்துவோர் அழுத்த, பிறரொருவர் 108 வண்டியை உடனே அழைப்பாராக.