தொடாமல் வாசிக்கும் வாத்தியம்

கேள்வி: தெரமின் என்னும் வாத்தியம் சினிமாவில் பயங்கரக் காட்சிகளுக்குத்தான் லாயக்கு என்கிறார்களே, ராக், ஜாஸ் முதலிய சங்கீதத்துக்கு அது ஒத்துவருமா?

பதில்: அந்த அபவாதம் ஹாலிவுட் சுமத்தியது. அதன் நிமிர்ந்த கம்பியை நோக்கி வலக்கை நெருங்க நெருங்கச் சுருதி ஏறுவதும், பக்கத்து வளையத்தை இடக்கை அணுகும்போது நாதம் அடங்குவதுமாக, விரலுக்குப் பிடிமானமே இல்லாத வெட்டவெளியில் ஸ்வரங்களைத் தேட வேண்டியிருப்பதால், அது இயல்பாகவே வழுக்கும், ஓலமிடும். 1969-இல் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டில் ராக் கிதார் வித்வான் ஜிம்மி பேஜ் அந்த ஓலத்தையே வேண்டி விரும்பிப் பயன்படுத்திக்கொண்டார். 1966-இல் பீச் பாய்ஸ் குழுவினரின் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ பாட்டில் ஒலிப்பதைத் தெரமின் என்று பலரும் சாதிப்பார்கள். அதுவோ பால் டானர் என்ற டிராம்போன் வித்வான் கையால் நகர்த்தி வாசித்த வேறொரு கருவி.

மனோதர்ம வாசிப்புக்கு பமீலியா கர்ஸ்டின் என்ற அமெரிக்க மாதைக் கேளுங்கள். ஜாஸ் கச்சேரியில் பெரிய பாஸ் வாத்தியத்தின் தந்தியைச் சுண்டுவதுபோல, இடக்கையை வளையத்தின் மேல் வெடுக்கென்று தூக்கித் தாழ்த்தி, ஒரு ஸ்வரத்திலிருந்து மறு ஸ்வரத்துக்குப் போகும் வழுக்கல் காதில் விழாதபடி மறைத்து, தாளம் நடைபோட வாசிக்கிறார். சாதகத்தின் சூட்சுமம் முழுவதும் அந்த இடக்கையில்தான் இருக்கிறதென்பது என் அபிப்பிராயம்.

தாங்கள் பழகுவதானால் தனி அறையாகப் பாருங்கள். பக்கத்தில் ஒருவர் நகர்ந்தாலும் சுருதி பிசகிவிடும்.