தோப்பில் ஒரு கல்யாணம்

கேள்வி: மகள் கல்யாணத்தை மண்டபத்தில் வைக்காமல் எங்கள் தென்னந்தோப்பிலேயே நடத்த ஆசை. 300 பேர் வருவார்கள். எதிலிருந்து தொடங்குவது?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: முதலில் அண்ணாந்து பாருங்கள்! பந்தல் போடும் இடத்துக்கு மேலே தொங்கும் நெற்று, காய்ந்த மட்டை, பாளை எல்லாவற்றையும் ஆள் ஏற்றி இறக்கிவிடுங்கள். சம்பந்தி தலையில் தேங்காய் விழுந்தால் சகுனம் பார்க்கவே நேரமிருக்காது.

ஆனி, ஆடி வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கீற்றைப் பிய்த்துவிடும். ஐப்பசியில் மழை. தை, மாசிதான் தோது. விறகடுப்பைப் பந்தலை விட்டுத் தள்ளி, தீப்பொறி பந்தல் பக்கம் பறக்காத திசையில் மூட்டச் சொல்லுங்கள்.

பம்புசெட்டின் இலவச மின்சாரத்தில் சீரியல் பல்பு எரியவிடாதீர்கள், அது விவசாயத்துக்கு மட்டும். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள்; ஜெனரேட்டரும் இருக்கட்டும்.

எல்லோரும் மறப்பது கழிப்பறை. பட்டுச்சேலை கட்டிய பெண்கள் இருட்டில் வரப்பேறிப் போக முடியுமா? நடமாடும் கழிப்பறைகளை வாடகைக்கு எடுங்கள். வழியெல்லாம் விளக்கு, வாசலில் தண்ணீர் டிரம், ஈரத்தில் வழுக்காமலிருக்கத் தேங்காய் நார் மிதியடி.

வாழைமரம், தோரணம், இலை, இளநீர் எல்லாம் வீட்டு ஆட்களே பார்த்துக்கொள்ளலாம். சமையலை மட்டும் சமையல்காரரிடம் விடுங்கள். பந்தியில் ரசம் தீர்ந்துபோனால் எந்தச் சித்தப்பாவும் கைகொடுக்க மாட்டார்.

மண்டபமோ தோப்போ, 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குச் சான்றாகக் காட்ட அழைப்பிதழ் ஒன்றை மறக்காமல் எடுத்துவையுங்கள்.