வீடு ஒருவர் கையில், வங்கிப் புத்தகம் வேறொருவர் கையில்

கேள்வி: நான் மத்திய அரசு ஊழியர். அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறேன். இப்போது மந்திர் மார்க் அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். துவாரகாவில் என் பெயரில் ஒரு ஃப்ளாட் உண்டு. மகளுக்கு 27 வயது. அறிவுசார் குறைபாடு 75 சதவீதம் என்று யு.டி.ஐ.டி. அட்டையில் இருக்கிறது. குளிக்க, மாத்திரை போட, கடைக்குப் போக, எல்லாவற்றுக்கும் கூட ஆள் வேண்டும். கோவைப் பக்கம் ஓர் இல்லத்தில், ஒரு பெருந்தொகையைக் கட்டி, காப்பாளர் பொறுப்பையும் தங்களுக்கே எழுதிக் கொடுத்தால் ஆயுள் முழுவதும் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். உறவினர்களோ, "ஃப்ளாட்டை மகன் பேருக்கு எழுதிவிடு, தங்கையை அவன் பார்த்துக்கொள்வான்" என்கிறார்கள். எங்களுக்குப் பிறகு அவளுக்கு எது பாதுகாப்பு?
— வாசகி, மந்திர் மார்க், புது தில்லி

பதில்: இரண்டு யோசனைகளும் வேறு வேறு மாதிரி தெரிந்தாலும் அடிப்படையில் இரண்டும் ஒன்றுதான். உங்கள் மகள் தங்கும் இடம், அவளுக்குக் கிடைக்கும் அன்றாட உதவி, அவளுடைய பணம், அவள் சார்பில் எடுக்கப்படும் முடிவு ஆகிய நான்கையும் ஒரே கையில் கொடுக்கச் சொல்கின்றன. ஒன்றில் அந்தக் கை இல்லத்தினுடையது, மற்றதில் அண்ணனுடையது. நான் இரண்டையும் பரிந்துரைக்க மாட்டேன். இல்லங்கள் எல்லாம் மோசம் என்றோ உங்கள் மகன் நல்லவரல்ல என்றோ இதற்குப் பொருள் இல்லை. நல்லவர்களும் சோர்ந்துபோவார்கள், நொடித்துப்போவார்கள், இறந்தும் போவார்கள். அப்படி ஒரு நாள் வரும்போது, ஏதோ சரியில்லை என்று கண்டு கேள்வி கேட்க வேறொருவர் இருக்க வேண்டும். ஏற்பாடு செய்யும்போதே அந்த வேறொருவருக்கு இடம் ஒதுக்கிவிடுவதுதான் நீங்கள் தேடும் பாதுகாப்பு.

சட்டமும் இந்தத் திசையில்தான் போகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 5-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்குச் சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமை உண்டு, குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழவேண்டிய கட்டாயம் அவருக்கு வராமல் பார்த்துக்கொள்ள அரசு முயலவேண்டும் என்கிறது. தனி உதவியாளர் உள்ளிட்ட சேவைகள் கிடைக்கச் செய்ய அரசு முயலவேண்டும் என்றும் சொல்கிறது. 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் விதியின் எதிரொலி இது. ஆனால் உங்களுக்கு அதைவிட முக்கியமானது, பலர் புரட்டிக்கூடப் பார்க்காத 13-ஆம் பிரிவு. ஆதரவு தருபவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் பண விஷயத்திலோ சொத்து விஷயத்திலோ நலன் முரண்பட்டால், அந்த ஒரு பரிவர்த்தனையில் ஆதரவு தருபவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்கிறது அது. மாதக் கட்டணம் வாங்கும் இல்லமே காப்பாளராகவும் இருந்தால், கட்டணத்தை உயர்த்தச் சொல்பவரும் அதற்குச் சம்மதம் தருபவரும் ஒருவரே. அந்தச் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

நடந்தவற்றைப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 25 பேருக்கு மேல் தீயில் கருகினார்கள். உறவினர்கள் நம்பிக்கையோடு ஒப்படைத்துவிட்டுப் போன இடம் அது. அரசு இல்லம் என்றால் ஆபத்து இல்லை என்றும் நினைத்துவிட முடியாது. 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சண்டிகர் வழக்கில், அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண் ஒருவர் அரசுப் பாதுகாப்பில் இருக்கும்போதே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்றார். அந்தக் கருவைக் கலைக்க அவர் சம்மதம் இல்லாமலே அனுமதி கேட்டதும் அதே நிர்வாகம்தான். உயர் நீதிமன்றம் அனுமதித்ததை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, அந்தப் பெண்ணின் விருப்பத்தை ஒதுக்க முடியாது என்றது. தில்லியிலேயே, ரோகிணியில் உள்ள ஆஷா கிரண் அரசு இல்லத்தில் 2024 ஜூலை ஒரே மாதத்தில் 14 பேர் இறந்தார்கள். அங்கே கொள்ளளவுக்கு மீறி ஆட்கள் இருந்ததை உயர் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அந்த இல்லத்தின் நிலையிலிருந்து கிளம்பிய வழக்கில் 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் உள்ள இத்தகைய இல்லங்களைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களைக் கொண்டு ஆராயச் சொன்னது. தனியார், அரசு என்ற வேற்றுமை இல்லாமல் இவை எல்லாவற்றிலும் உள்ள பொதுக்குறை, உள்ளே நடப்பதை வெளியிலிருந்து பார்க்க உரிமையோடு யாரும் இல்லாததுதான்.

"அவளால் கையெழுத்துப் போட முடியாது. வங்கியும் ஓய்வூதிய அலுவலகமும் காப்பாளர் எங்கே என்றுதானே கேட்கும்?" என்பீர்கள். கேட்கும். அதற்கு வழி இருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ள 18 வயது கடந்தவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட மாஜிஸ்திரேட் இடம்பெறும் உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். சிவில் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. காப்பாளர் ஆகிறவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் குழுவிடம் தரவேண்டும். 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவோ, இனி எந்தக் காப்பாளரும் வரையறுக்கப்பட்ட காப்பாளர்தான், சம்பந்தப்பட்டவரைக் கலந்துதான் முடிவெடுக்கவேண்டும் என்கிறது. எந்தச் சல்வார் போடுவது, யாரோடு அறையில் இருப்பது என்பதையெல்லாம் உங்கள் மகள் இப்போதே முடிவு செய்துகொண்டிருப்பாள். அவற்றுக்குக் காப்பாளர் தேவையே இல்லை. இனி, கோவை யோசனையில் உள்ள ஓட்டைக்கு வருகிறேன். காப்பாளர் புறக்கணித்தாலோ பணத்தைச் சுரண்டினாலோ அவரை நீக்கக் கோரி பெற்றோர், உறவினர், பதிவு பெற்ற அமைப்பு ஆகியோர் மனு கொடுக்கலாம் என்கிறது தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. பெற்றோர் காலமாகி, உறவினர் எல்லாம் தில்லியில் இருக்க, பதிவு பெற்ற அமைப்பு என்று பக்கத்தில் இருப்பதே காப்பாளராகிவிட்ட அந்த இல்லம் என்றால், மனு கொடுக்க யார் மிஞ்சுவார்கள்?

மகன் விஷயத்துக்கு வருவோம். தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும், கவனிக்காவிட்டால் மூத்த குடிமக்கள் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவில் திரும்ப வாங்கிவிடலாம் என்று உறவினர்கள் தைரியம் சொல்வார்கள். அந்தப் பிரிவு காப்பது சொத்தை எழுதிக் கொடுத்த மூத்த குடிமகனைத்தான். உங்கள் காலத்துக்குப் பின் மகளைக் கவனிக்கவில்லை என்று அதன் கீழ் யாரும் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. இன்னொன்று: குறைபாடு இருப்பதால் வாரிசுரிமை போகாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் எதுவும் எழுதாமல் விட்டாலே அவளுக்குச் சட்டப்படி கிடைக்கக்கூடிய பங்கை, தானப் பத்திரம் எழுதி நீங்களே பறிக்கிறீர்கள். அதற்குப் பதில், 1882-ஆம் ஆண்டு அறக்கட்டளைச் சட்டப்படி ஒரு தனியார் அறக்கட்டளை அமைத்து, ஃப்ளாட்டைப் பதிவுப் பத்திரம் மூலம் அதில் சேருங்கள். மகள் உயிரோடு இருக்கும்வரை அங்கே வசிக்கும் உரிமை, வாடகைக்கு விட்டால் அந்த வருமானம் அவள் செலவுக்கு, அவளுக்குப் பின் மிச்சம் மகனுக்கோ அவர் பிள்ளைகளுக்கோ என்று எழுதலாம். மகன் ஓர் அறங்காவலராக இருக்கட்டும். குடும்பத்துக்கு வெளியே நம்பகமான ஒருவர் இரண்டாவதாக இருக்கட்டும். விற்க இருவர் கையெழுத்தும் வேண்டும். "என்னை நம்பவில்லையா?" என்று மகன் வருந்தலாம். 2016 சட்டத்தின் 13-ஆம் பிரிவையே அவருக்குக் காட்டுங்கள். உறவினர் என்பதற்காக மட்டும் நலன் முரண்பாடு இருப்பதாக ஊகிக்கக்கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. யாரையும் சந்தேகிக்காமலே கணக்கு கேட்க முடியும். தவிர, நாளை அவர் தொழிலில் கடன் வந்தால், ஃப்ளாட் அவர் பெயரில் இல்லாததே அவருடைய தங்கைக்கு அரண்.

"எல்லாம் சரி, வீடு எங்கே, ஆள் எங்கே?" என்பது கடுமையான ஆட்சேபம். சட்டம் உரிமையைத் தந்த அளவுக்கு அரசு சேவையைத் தரவில்லை என்பதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனாலும் முடியாத காரியம் அல்ல. சென்னையின் பான்யன் அமைப்பு 2015 முதல், பல ஆண்டுகள் மனநலக் காப்பகங்களில் கிடந்தவர்களை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடிவைத்து, உதவியாளர்களோடு வாழவைத்து வருகிறது. அது மனநோய் கண்டவர்களுக்கானது. உங்கள் மகளின் தேவை வேறு. ஆனால் வீடும் உதவியும் தனித்தனியாக இயங்க முடியும் என்பதற்குச் சான்று. துவாரகா ஃப்ளாட்டில் உங்கள் மகளோடு இதே நிலையில் உள்ள வேறு ஒன்றிரண்டு பெண்கள் தங்கி, இரண்டு உதவியாளர்களின் சம்பளத்தைக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. சிறியதாக இருந்தாலும் அதை முறையான இல்லமாக நடத்தப்போகிறீர்கள் என்றால் பதிவுச் சான்று தேவையா என்று முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். உதவியாளரை அமர்த்தும்போது தில்லி போலீஸ் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். 2016 சட்டத்தின் 38-ஆம் பிரிவின் கீழ் 'உயர் ஆதரவு' தேவைப்படுபவர் என மதிப்பிடக் கோரி விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தோடு ஒரு நாளின் குறிப்பைச் சேருங்கள்: பல் தேய்க்க எவ்வளவு நேரம் கூட நிற்கவேண்டும், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, தனியே விட்டால் என்ன ஆகும். சதவீதத்தைவிட இந்தத் தாள்தான் மதிப்பீட்டுக் குழுவுக்கு நிலைமையைச் சொல்லும்.

கோவையை அடியோடு மறுக்கவும் இல்லை. தமிழ் பேசும் ஆட்கள், பழகிய சாப்பாடு என்பவை சாதாரணக் காரணங்கள் அல்ல. அங்கேதான் என்று தீர்மானித்தால், 2016 சட்டப்படியான பதிவுச் சான்றைக் கண்ணால் பாருங்கள். சேர்க்கைப் படிவத்தில் இரண்டு இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒன்று, விலகினால் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்குமா என்பது. மற்றது, முன்னறிவிப்பு இல்லாமல் பார்க்க வரலாமா என்பது. "ஞாயிறு மட்டும், வரவேற்பறையில் மட்டும்" என்றிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். காப்பாளர் பொறுப்பை எக்காரணம் கொண்டும் அவர்களிடம் கொடுக்காதீர்கள். பிர்லா மந்திர் வாசலும் கோல் மார்க்கெட் கடைகளும் பழகிய பெண்ணுக்குத் துவாரகாவே ஒரு புது ஊர். அந்த மாற்றம் நீங்கள் இருவரும் உடனிருக்கும்போது நடப்பது நல்லது. உதவியாளரும் அப்போதே வரட்டும்.

கடைசியாக, தேதி உள்ள வேலை. மத்திய அரசு ஓய்வூதிய விதிகள், 2021 படி, சொந்தமாகப் பிழைக்க முடியாத குறைபாடுள்ள பிள்ளைக்கு, பெற்றோருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் முழுவதும் உண்டு. ஓய்வுக்கு முன் நீங்கள் கொடுக்கும் குடும்ப விவரப் படிவத்தில் மகள் பெயரையும் குறைபாட்டையும் குறிப்பிட்டு, மருத்துவச் சான்றை இணைத்து, ஓய்வூதிய ஆணையிலேயே அவள் பெயரைச் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். பின்னாளில் யாரோ ஓர் உறவினர் இதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதைவிட, பணியில் இருக்கும்போதே நீங்கள் கேட்பது எளிது. அவள் சார்பில் அந்தத் தொகையை வாங்குபவர் யார் என்ற நியமனத்தையும் சேர்த்தே கொடுங்கள். அவர் வீட்டை நடத்துபவராகவோ உதவியாளரை அமர்த்துபவராகவோ இருக்கவேண்டாம். மகன் வீட்டைக் கவனிப்பார் என்றால், பணத்தை உங்கள் தங்கையோ நாத்தனாரோ கவனிக்கட்டும். இருவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது உள்ளூர்க் குழுவுக்குப் போகும் கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனையை அறக்கட்டளைப் பத்திரத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வரைவு தயாரானதும் கையெழுத்துக்கு முன் மகனிடமும் ஒரு படி கொடுங்கள்.